முச்சந்திப் பூசணிக்காயும் தவசிக்கனியின் வலது கையும்

எங்கள் தேரிவிளையில் ஊர்ச்சனம் முழுக்க இடது கையால் சில்லறை கொடுத்து, இடது கையால் திருநீறு பூசி, இடது கையால் வணக்கம் சொல்லித் திரிந்த அந்தக் காலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னென்னவோ சொல்லுவார்கள்; விஷக்காய்ச்சல் வந்தது என்பார்கள், தண்ணீரில் கோளாறு என்பார்கள், பக்கத்து ஊர்க் கல்லாம்பாறைக்காரர்களிடம் கேட்டால் எங்களுக்கு மரியாதை தெரியாது, அதுதான் காரணம் என்பார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முச்சந்தியில் மைக் செட் கடை வைத்திருக்கிற சேர்மத்துரையாகிய நான் நடந்தது அத்தனையையும் கடைக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தவன். கிரிக்கெட் போட்டிகளுக்கு வர்ணனை சொல்லுகிறவனும் நான்தான். மைக்கைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்லுவேன் என்று என் வீட்டுக்காரியே சொல்லுவாள். இந்தக் கதையில் சேர்ப்பதற்கு எனக்கு இடமே கிடைக்கவில்லை.

எல்லாம் தவசிக்கனியின் வலது கையில்தான் தொடங்கியது. திங்கள் முதல் சனி வரை ஊரில் இருக்கிற அத்தனை அடுப்படிக்கும் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிப்போய், மாடி என்றால் மாடி ஏறி, சோப்புத் தண்ணீர் தடவி லீக் பார்த்து மாட்டிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே தோளால் எங்கள் ஊர் அணிக்குப் பந்து வீசுகிறவன் அவன். சுற்றுப்பட்டில் எட்டு ஊர்கள் சேர்ந்து நடத்துகிற தேரிக்கோப்பை, கோடையில் தொடங்கி ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். டென்னிஸ் பந்து, செம்மண் தரை, எல்லைக்கோட்டுக்கு அப்பால் உடைமுள். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடக்கூடாது என்பதைத் தவிர, ஒரு ஆள் மொத்தம் இத்தனை ஓவர்தான் போடலாம் என்ற விதியெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் ஒரு முனையில் இருந்து எப்போதும் தவசிக்கனிதான்.

வேறு ஆள் இல்லாமல் இல்லை, இருந்தார்கள். நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் துபாய்க்குப் போய்விட்டான். இன்னொருவன் கல்லாம்பாறையிலேயே பெண் எடுத்து, அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகி, மாமியார் வைத்த மீன்குழம்புக்கு விசுவாசமாக அந்த ஊருக்கே பந்து வீசவும் மட்டை பிடிக்கவும் போய்விட்டான். மிச்சம் இருந்தவர்களை நம்ப எங்கள் கேப்டன் எபநேசர் அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. அவர் கெட்ட மனுஷர் அல்ல. பெயிண்டும் ஆணியும் விற்கிற ஹார்டுவேர் கடைக்காரர். வருஷா வருஷம் கடைசி ஆட்டம் வரைக்கும் போய்க் கல்லாம்பாறையிடம் தோற்றுவிட்டு வந்து, கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் கோப்பைக்கு என்று ஒரு தட்டைக் காலியாக வைத்து அதைத் தினமும் துணியால் துடைக்கிறவர். அந்த மாதிரி ஆள் கையில் தவசிக்கனி மாதிரி ஒருத்தன் கிடைத்தால் என்ன ஆகும்? ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் போட்ட ஓவர்கள் கூடிக்கொண்டே போயின.

ஆவணி பிறந்தபோது அவனால் சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அவன் மனைவி ஜெயக்கொடி பிசைந்து ஊட்டினாள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற பெண் அவள், அளவாகப் பேசுவாள், பேசினால் வெட்டின துணி மாதிரி அது அவ்வளவுதான். "எட்டு ஊரு கண்ணும் ஒங்க கையிலதான் இருக்கு. கண்ணுபடாம என்ன செய்யும்?" என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவனை வாசலில் உட்காரவைத்து, சூடம் ஏற்றிய பூசணிக்காயை அவன் வலது கையைச் சுற்றி மூன்று தடவை இறக்கி, நேரே முச்சந்திக்கு வந்து என் கடை முன்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேறு சந்து வழியாக வீட்டுக்குப் போனாள். திருஷ்டி கழிக்கிறவர்கள் செய்வது எல்லாம் இதுதான். உடைத்ததைத் தாண்டக்கூடாது, மிதிக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முச்சந்தியில்தான் உடைப்போம், மறுநாள் காலையில் ஊரே அந்த வழியாகத்தான் போகும். இந்தக் கோளாறு எங்களுக்கு இதற்கு முன்னால் தோன்றியதே இல்லை.

மறுநாள் தவசிக்கனி எழுந்து, சோம்பல் முறித்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு தோளுக்கு ஒன்றாகச் சிலிண்டர் தூக்கினான். அதே காலையில் பரோட்டா மாஸ்டர் மாசானம் சைக்கிளில் பூசணிக்காயின் மேல் ஏறி இறங்கிப் போய், கடையில் மாவை வீசக் கையைத் தூக்கினார்; கை வரவில்லை. அவர் பின்னால் வந்த முடிதிருத்துகிறவர் ஒருவருக்குப் பாதித் தலையோடு கத்தரி நின்றுபோனது. டவுன் பஸ் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்க முடியவில்லை. மூன்று பேரும் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போனார்கள். அவர் மூன்று தோளையும் ஒரே இடத்தில் அமுக்கிப் பார்த்து, மூன்று பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளிப்பதையும் பார்த்து, "சீக்கு ஒண்ணும் இல்ல. நல்லா உழைச்ச கை. ஆனா ஒங்க கை இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

யாருடைய கை என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஆட்டம் வெளியூரில். நான் ஜலதோஷம் என்று போகாமல் கடையில் இருந்தேன். எதிரே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மாசானம் திடீரென்று தோளைப் பிடித்துக்கொண்டு, "இது ஷார்ட் பிச்சு" என்றார். பக்கத்தில் இருந்த கண்டக்டர் "ஆமா, பவுண்டரி போயிருக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே மூச்சில், "யார்க்கர்" என்று துள்ளி எழுந்தார்கள், டீ சிந்தியது. சாயங்காலம் அணி திரும்பி வந்தவுடன் ஒவ்வொரு பந்தாக ஒத்துப் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை. தவசிக்கனியின் கை பட்ட பாடு முழுவதும், பூசணிக்காயைத் தாண்டினவர்களின் கைக்கு வந்திருந்தது. அடுத்த பூசணி உடைகிறவரை அது அவர்களோடுதான் இருந்தது.

இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. அடுத்த வாரம் யார் தாண்டுவது என்றுதான் பேச்சு வந்தது.

என் கடை வாசலில் கூட்டம் போட்டோம். ஒருத்தர் தலையில் மொத்தமாக விழாமல் பத்துப் பேராகப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும், ஒரு வாரம் கோயில் தெரு, ஒரு வாரம் சர்ச் தெரு, ஒரு வாரம் பள்ளிவாசல் தெரு என்று முடிவானது. உபதேசியார் மட்டும், பூசணிக்காய் சமாச்சாரத்தில் சபை கலந்துகொள்ள முடியாது, ஆனால் அடுத்தவன் பாரத்தைச் சுமப்பதை யாரும் தடுக்கவும் முடியாது என்று இழுத்தார். அவர் முறை வந்தபோது வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டே நடந்து, தெரியாமல் மிதித்தவராக மிதித்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருவர் நாற்காலியோடு தன்னைத் தூக்கிவரச் சொல்லித் தாண்டினார். எபநேசர் அண்ணாச்சி மட்டும் ரைஸ் மில் சந்து வழியாகச் சுற்றிப் போனார். கேப்டன் மட்டை பிடிக்க வேண்டிய கை அல்லவா என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு வாரம் மனுஷர் யாரும் வருவதற்குள் செட்டியார் வீட்டுப் பசு வந்து பூசணிக்காயை முக்கால்வாசி தின்றுவிட்டது. அன்று பசுவுக்கு வலது முன்னங்கால் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தபடி, தவசிக்கனி வேகமாகப் போட்ட பந்துக்கெல்லாம் ஒரு தடவை கத்தியது. செட்டியார் வீட்டம்மா அதற்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே எத்தனை விக்கெட் என்று எண்ணினாள்.

கஷ்டம் எல்லாம் இடது கையில்தான் வந்தது. எங்கள் பக்கம் இடது கையால் ஒரு பொருளைக் கொடுத்தால் கொடுத்தவனைக் கடித்துவிடுவார்கள். வலது கை தூக்க வராதவன் வேறு எந்தக் கையால் கொடுப்பான்? முதல் வாரத்தில் மளிகைக்கடையில் இரண்டு சண்டை, ரேஷன் கடையில் ஒரு சண்டை. பிறகு கோயில் பூசாரியும் உபதேசியாரும் பள்ளிவாசல் மோதினாரும் என் பெஞ்சில் உட்கார்ந்து பேசி, மழை விழுகிறவரை தேரிவிளைக்குள் இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமில்லை என்று அறிவிக்கச் சொன்னார்கள். நான் மைக்கில் மூன்று தடவை அறிவித்தேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அன்றைக்கு முறை. மைத்துனன் அவர் வலது கையைத் தாங்கிப் பிடித்துத்தான் தாலியின் முடிச்சு விழுந்தது. பந்தியில் எங்கள் ஆட்கள் இடது கையால் பாயசம் ஊற்றியதைப் பார்த்து வெளியூர் உறவுக்காரர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும், மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தானும் பழைய பந்துவீச்சுக்காரர்தான் என்று சொல்லி, சாப்பிட்ட கையோடு வந்து முச்சந்தியில் ஒரு தடவை நடந்துவிட்டுப் போனார்.

மாசானம்தான் ஆளே மாறிப்போனார். கடையை மூட முடியாது என்பதால் முதல் வாரமே இடது கையால் மாவை வீசப் பழகினார். முதலில் பரோட்டா வட்டமாக வராமல் கேரளா மேப் மாதிரி வந்தது. நாளாக நாளாக அந்தக் கை சுழல ஆரம்பித்தது, வலது கை சரியான பிறகும் அவர் இடது கையை விடவில்லை.

தவசிக்கனிக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. சிலிண்டர் போடப் போகிற வீட்டில் எல்லாம் நின்று, "எங் கை எப்படி மாமா இருக்கு?" என்று கேட்பான். "பரவால்லடே, நேத்து சாயங்காலம் கொஞ்சம் குத்திச்சு, எண்ணெய் தேய்ச்சேன், இப்ப உறங்குது" என்று பதில் வரும். அவனுக்கு அசதி என்றால் என்ன என்பதே மறந்துபோனது. புரட்டாசிக் கடைசியில் அவன் பந்து வருவது கண்ணுக்கே தெரியவில்லை, நான் பாதியைச் சத்தத்தை வைத்துத்தான் வர்ணித்தேன். ஒவ்வொரு ஊராகச் சாய்த்துவிட்டு, கடைசி ஆட்டத்துக்குக் கல்லாம்பாறையோடு வந்து நின்றோம். எபநேசர் அண்ணாச்சி வெற்றிக்கு என்று வெடி வாங்கிக் கடைத் தட்டில் அடுக்கினார். சனிக்கிழமைப் பயிற்சியிலும் தவசிக்கனியையே போடச் சொன்னார். அவனும் சிரித்துக்கொண்டே போட்டான்.

அந்த வாரங்களில் தாண்டினவர்கள் எல்லோரும், முந்தியைவிட இப்போது நல்ல கனம், தோளுக்குப் பின்னால் சுருக்சுருக் என்று இழுக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கனம் கூடினால் தாங்கள் செய்கிற உதவியும் கூடுகிறது என்பது எங்கள் கணக்கு. அந்தச் சுருக் எதற்கு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை ஜெயக்கொடி, தைத்த ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாக வந்தவள், முந்தின நாள் அவளே உடைத்த பூசணித்துண்டின் மேல் காலை வைத்துவிட்டாள். அத்தனை வாரமும் உடைத்தவள் அவள், ஒரு தடவையும் தாண்டினதில்லை. என் கடைக்கு முன்னால் அப்படியே நின்றாள். பையைக் கீழே வைத்தாள். வலது தோளை இடது கையால் தொட்டு, துணியைத் தடவுகிற மாதிரி மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"தையல் பிரியுது அண்ணாச்சி" என்றாள். "உள்ள ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டு வருது."

நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். எபநேசர் அண்ணாச்சி காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை அவுகளைப் பந்து போடச் சொல்லாதிய. கை தாங்காது."

"யாரு சொன்னா? நேத்துகூடக் கேட்டேன். ஒண்ணுமே இல்லங்கான்."

"அவுகளுக்கு எப்படித் தெரியும்? ஊர்ல எல்லாருக்கும் வலிக்கி, அவுகளுக்கு மட்டும் வலிக்கல. நாமதான எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டோம்."

அண்ணாச்சி துணியை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "ஒரே ஒரு ஆட்டம்மா. இத்தன வருசம் காத்திருக்கேன். அது முடிஞ்சதும் அடுத்த வருசம் வரைக்கும் அவன் பந்தைத் தொட வேண்டாம்."

"ஆட்டம் போனா ஒரு ஞாயித்துக்கிழமை போவும். கை போச்சுன்னா சிலிண்டர யாரு தூக்குவா? பிள்ளைய யாரு தூக்குவா?" என்றாள். அவளுக்கு அப்போது நான்காம் மாதம் என்பது எங்களுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அண்ணாச்சி வாழ்த்துச் சொன்னார், மனசாரத்தான் சொன்னார், ஆனால் பந்து விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. வீட்டில் தவசிக்கனியிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கையைக் காற்றாடி போலச் சுற்றிக் காட்டிச் சிரித்தான். சிரிக்கிறவனிடம் என்ன பேசுவது? அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் இன்னொரு பூசணிக்காயைச் சுற்றினாள். சுற்றிவிட்டு முச்சந்திக்கு வரவில்லை. எபநேசர் அண்ணாச்சி வழக்கம்போல ரைஸ் மில் சந்தைச் சுற்றிக்கொண்டு, முச்சந்தியைத் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கி, ஸ்டம்புகளை எடுக்கத் தன் கடைக்கு வந்து, தன் சொந்தப் படிக்கட்டில், இருட்டோடு இருட்டாகக் கிடந்த பூசணிக்காயில் கால் வழுக்கி உட்கார்ந்தார். வேறு ஒரு ஆளும் அதைத் தாண்டவில்லை. தவசிக்கனியின் கை பங்குபோடாமல் முழுசாக அவர் ஒருவருக்கே வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் அன்றைக்கு எட்டு ஊர்ச் சனம். அண்ணாச்சி டாஸ் காசை இடது கையால் சுண்டினார். மட்டை பிடித்தார், முதல் பந்திலேயே திரும்பி வந்தார். மற்றவர்கள் அடித்ததில் ஒரு கௌரவமான எண்ணிக்கை வந்தது. பிறகு தவசிக்கனி வேப்பமரத்தடியில் இருந்து ஓடிவந்து முதல் பந்தைப் போட்டான். நான் மைக்கில் அவனை வர்ணித்துக்கொண்டே கண்ணால் அண்ணாச்சியைப் பார்த்தேன். மிட் ஆஃபில் நின்ற மனுஷர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் தாங்கினார். பத்துப் பேருக்குப் பங்கு போட்டே முனகவைத்த கையை அவர் ஒற்றை ஆளாகத் தாங்கினார். அவன் ஓடிவரும்போதே கண்ணை மூடிக்கொள்வார், பந்து விழுந்த பிறகு திறப்பார். எதிரணியின் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன, ஊர் ஆடிக்கொண்டே இருந்தது, அவர் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. கல்லாம்பாறைக்காரர்களுக்குக் கடைசி ஓவரில் ஏழு ரன் வேண்டும் என்ற இடத்துக்கு ஆட்டம் வந்தது. அந்த ஓவர் தவசிக்கனியுடையது. அவன் சிரித்தபடி கையை நீட்டினான். பந்து அண்ணாச்சி கையில் இருந்தது.

"குடுங்க அண்ணாச்சி."

"வேண்டாம்லே."

"ஏன்? எனக்கு ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி."

"ஒனக்கு ஒண்ணும் இல்லலே. எனக்குல்லா இருக்கு" என்றார் எபநேசர் அண்ணாச்சி. அவர் கண்ணில் தண்ணீர். "இன்னும் ஒரு பந்து போட்டா அந்துரும். எனக்குத் தெரியுது. ஒரு நூலுதான் நிக்கி."

அந்தக் கையை ஒரு வாரமாவது சுமந்தவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அத்தனை பேரும். கண்டக்டர், கம்பவுண்டர், உபதேசியார், நாற்காலிப் பெரியவர், கல்யாண மாப்பிள்ளை எல்லோரும் தானாக வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவனிடமே பந்தைக் கொடு என்று ஒரு குரல்கூட எழவில்லை. நானும் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என் வலது தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கள் பதினோராவது ஆளாக எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாத மாசானத்தைக் கூப்பிட்டார். "ஓய், பரோட்டா வீசுற கையால ஒரு ஓவர் வீசும்வே."

மாசானம் இடது கையால் வீசினார். அப்படி ஒரு பந்தைக் கல்லாம்பாறை பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. மெதுவாகக் கிளம்பி, யோசித்து, கடைசியில் மனசு மாறித் திரும்பியது. முதல் பந்தில் ஒருவன் ஸ்டம்பைப் பறிகொடுத்தான். அடுத்த மூன்று பந்துக்குப் புதிதாக வந்தவன் காற்றைத் தடவினான். ஐந்தாவதை அவன் முட்டுக்கொடுத்துத் தள்ள, உருண்ட பந்தை எங்கள் ஆள் கோட்டைவிட்டதில் இரண்டு பேரும் மூன்று ரன் ஓடி முனை மாறிவிட்டார்கள். கடைசிப் பந்துக்கு நாலு வேண்டும். எதிரே நின்றவன், வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன எங்கள் பழைய ஆள். அவன் தேரிவிளைப் பரோட்டா தின்று வளர்ந்தவன், மாசானத்தின் கைச்சுழற்சி எந்தக் கையில் வந்தாலும் அவனுக்கு அத்துப்படி. ஓங்கி அடித்தான். பந்து உடைமுள்ளைத் தாண்டிச் செம்மணல் மேடான தேரிக்குள் போய் விழுந்தது. மாமியார் வைத்த மீன்குழம்பு வீண்போகவில்லை.

தோற்றோம். எபநேசர் அண்ணாச்சி கல்லாம்பாறைக் கேப்டனுக்கு இடது கையால் கைகொடுத்தார், அவர் முகம் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அண்ணாச்சி தானே ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடி வீட்டு வாசலில் போய் நின்றார். "அம்மா, அவன் கைய அவன்கிட்டயே குடுத்திரு. அவனுக்குத் தெரிய வேண்டியத நாம வச்சிருக்கக் கூடாது."

அவள் அண்ணாச்சியைச் சுற்றி இறக்கித் தன் வீட்டு நடையிலேயே போட்டு உடைத்தாள். தவசிக்கனி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஊரார் எல்லோரும் பார்க்கத் தாண்டினான். ஆவணியில் இருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்குமான அசதி முழுவதும், பசு சுமந்ததுகூட, ஒன்றாக அவனுக்குள் வந்து இறங்கியது. "அம்மாடி" என்று மட்டும் சொன்னான். பாயில் விழுந்து உறங்கிவிட்டான்.

உறங்கினான், உறங்கினான், ஐப்பசி மழை தொடங்கி ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்து மறுபடி தொடங்கியும் உறங்கினான். டவுன் பஸ் எங்கள் ஊருக்குள் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து போனது. கோயில் மணிக்குத் துணி சுற்றினார்கள், சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார்கள், நான் கடை தொடங்கிய நாளில் இருந்து முதல்முறையாக மைக்கை உறையில் போட்டேன். சிலிண்டர்களை எபநேசர் அண்ணாச்சியும் மாசானமும் தூக்கினார்கள், மாடி வீடுகளுக்கு இரண்டு பேராகத் தூக்கினார்கள். கம்பவுண்டர் தினமும் வந்து உறங்குகிறவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"முழிக்கட்டும்மா" என்றார் ஜெயக்கொடியிடம். "முழிச்சதும் வலிக்குன்னு சொன்னாம்னா கை இருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே தெரியலன்னு சொன்னாம்னா, பாப்போம்."

அந்தப் பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. டீக்கடையில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கோப்பை யாருக்குப் போனது என்ற நினைப்பே இல்லாமல், மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "சொல்லிட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு மத்தியானம், சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணைத் திறந்தான். ஜெயக்கொடி தையல் மிஷினை நிறுத்தினாள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முகம் கோணியது.

"ஏ ஜெயக்கொடி" என்றான். "கை வலிக்கி."

"எப்படி வலிக்கி? நல்லாச் சொல்லுங்க."

"உசுரு போற மாதிரி வலிக்கி."

அவள் தலைமுடியைக்கூட முடியாமல் மழையோடு முச்சந்திக்கு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் மைக்கை உறையில் இருந்து எடுத்து, "தவசிக்கனிக்குக் கை வலிக்குதாம், பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம், உயிர் போகிற மாதிரி வலிக்குதாம்" என்று மூன்று தடவை அறிவித்தேன். உபதேசியார் கைதட்டினார். மாசானம் அடுப்பில் இருந்த பரோட்டாவைக் கருகவிட்டுவிட்டு வெளியே வந்தார். செட்டியார் வீட்டுப் பசுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. எபநேசர் அண்ணாச்சி கடைக்குள் ஓடி, காலித் தட்டில் கோப்பைக்காகக் காத்திருந்த வெடிகள் அத்தனையையும் அள்ளிவந்து, மாடிச் சன்ஷேடுக்குக் கீழே, சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்து, வலது கையால் பற்றவைத்தார். ஊரே கூடி நின்றது.

சத்தம் தவசிக்கனி வீடு வரைக்கும் கேட்டது. ஜெயக்கொடி அப்போதுதான் திரும்பிப் போய்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி, எதுக்கு வெடி? நாமதான தோத்தோம்?"

"ஒங்களுக்குக் கை வலிக்குல்லா" என்றாள் அவள், "அதுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தான். சரிதான் என்று பட்டது. அவள் ஊட்டிய சோற்றை வாங்கிக்கொண்டு, வலிக்காத பக்கமாகத் திரும்பிப் படுத்து, மறுபடியும் உறங்கிவிட்டான்.